எண் வேண்டாம்

ஆறு சிலிண்டரை ஓட்டிப் பார்த்தாள் வீப்கே.
காஸலுக்கு வெளியே, வேகவரம்பில்லாத சாலையில்
ஒரே ஒருமுறை சிரித்தாள்.
திரும்பி வந்து
நாலு சிலிண்டருக்குக் கையெழுத்துப் போட்டாள்.
"எங்க தெருவில் முப்பதுதானே" என்றாள்,
நான் எதுவும் கேட்காமலே.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
பின்பக்க எண்ணை நீக்க. கட்டணமில்லை.
அங்கே மட்டும் பேனா அழுந்தியது.

எதிர்வீட்டு ஆன்ஸ்கர் போன மாதம்
பெரிய எஞ்சினையே எடுத்தார்.
அதே கட்டத்தில் அவரும் குறி போட்டார்.
வரி ஆபீசில் வேலை.

இப்போது அந்தத் தெருவில்
இரண்டு சாம்பல் கார்கள்,
இரண்டு மொட்டை முதுகுகள்.
காலையில் கண்ணாடிப் பனியைச் சுரண்டியபடி
அவர் காரை இவளும்
இவள் காரை அவரும்
பார்த்தும் பார்க்காமல்.

விற்றவன் நான்.
ஞாயிறுகளில் அவ்வழியே நடந்தால்
ரெண்டு பேருமே எனக்குக்
கொஞ்சம் அதிகமாகவே வணக்கம் சொல்கிறார்கள்.