ஐந்து எண்கள் அச்சிட்ட சீட்டு

வாசலில் ஒரு சீட்டுத் தருகிறார்கள்,
ஒன்று முதல் ஐந்துவரை எண் போட்டது.
படம் முடிந்து வெளியே வரும்போது
பிடித்த அளவுக்குக் கிழித்துப் பெட்டியில் போட வேண்டும்.
மருந்துக்கடையில் இரவு வேலை பார்க்கிறவள் நான்.
வருட விடுப்பில் ஒரு வாரத்தை
இந்தச் சீட்டுகளுக்கென்றே எடுத்து வைப்பவள்.
கிழிப்பதில் எனக்குத் தயவு கிடையாது.

திங்கள். லித்துவேனியாவிலிருந்து வந்த படம்.
ஒருவன் வேலிக்கு வெள்ளையடிக்கிறான்.
நாற்பது நிமிடம் அடிக்கிறான்.
பிறகு மழை வருகிறது.
எங்களுக்கா மழையைக் காட்டுகிறீர்கள்?
வால்டிவியாவில் மழை பார்க்க
டிக்கெட் வாங்கியவர் எவருமில்லை.
இது தியானம் என்றாள் பக்கத்து இருக்கை ரொசால்பா.
தியானத்தில் குறட்டை வருமா என்று கேட்டேன்.
ஆனாலும் அந்த வேலி நன்றாக நடித்தது.
இரண்டு.

செவ்வாய், பொலிவியா.
உப்பு லாரி ஓட்டும் பெண்கள்.
கேமராவுக்குக் குளிர்காய்ச்சல்,
ஒலிக்குத் தொண்டைக்கட்டு.
கதை என்று ஒன்று ஏறி உட்கார்ந்து
பாதி வழியில் இறங்கிக்கொண்டது.
ஆனால் ஓர் இடம்:
கூலியை வாங்கியவள் எண்ணுகிறாள்.
சரியாகத்தான் இருக்கிறது.
லாரியின் மறுபக்கம் போய்
யாரும் பார்க்காதபோது மறுபடி எண்ணுகிறாள்.
கல்லாவைப் பூட்டிய பிறகு நானும் அப்படித்தான்.
இதுவரை எந்தத் திரையும் அதைக் கண்டுபிடித்ததில்லை.
ஐந்து. ஒலியை மன்னித்தேன்.

புதன்கிழமைப் படம் நினைவில் இல்லை.
குதிரை ஒன்று வந்தது என்று நினைக்கிறேன்.

வியாழன். பிலிப்பைன்ஸ் குறும்படம், பதினோரு நிமிடம்.
பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை
மூன்று பேர் மாடிக்கு ஏற்றுகிறார்கள்.
இரண்டாம் திருப்பத்தில் திரை இருண்டது.
இருண்டபடியே இருந்தது.
யாரும் அசையவில்லை,
இருட்டும் இயக்குநருடையதோ என்ற பயம்.
தகரக்கூரையில் மழை.
மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கத் தொடங்கிய விரல்கள்
பாதியில் நின்றன.
ஆற்றங்கரையில் கடற்சிங்கம் ஒன்று குரைத்தது.
இருநூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
அந்தப் பெட்டியைத் தோளில் தாங்கி நின்றோம்,
நான்கு நிமிடம்.
விளக்கு வந்தது. மின்தடையாம்.
இயக்குநர் எழுந்து, காது சிவக்க,
"அது நான் எடுத்ததில்லை" என்றார்.
இந்த வாரத்தின் மிகச் சிறந்த காட்சி அதுதான்.
யார் பெயருக்குக் கிழிப்பது?

வெள்ளி போகவில்லை. பல்வலி.

சனி, நம் ஊர்ப் பையன் நஹுவேல்.
மூடிப்போன மர ஆலையைப் பற்றி,
அங்கே இரண்டு விரலை விட்டுவிட்டு வந்த
தன் அப்பாவைப் பற்றி.
எங்கெல்லாம் மௌனம் இருந்ததோ
அங்கெல்லாம் செல்லோவை ஊற்றிவிட்டான்.
அழு அழு என்று தொடையில் கிள்ளும் இசை.
கிள்ளினால் எனக்கு அழுகை வராது.
அப்பா பேசுவதாக, ஏதோ ஒரு நடிகரின் குரலில்
நீள நீளமான வாக்கியங்கள்:
மரம், காலம், மறதி.
மூன்று என்று முடிவு செய்து எழுந்தேன்.

பெட்டியருகே ஒருவர்
வலக்கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமல்
இடக்கையால் சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
பிடித்துக்கொள்ளட்டுமா என்றேன்.
அப்போதுதான் அந்தக் கை வெளியே வந்தது,
மூன்று விரலோடு.
திரையில் பார்த்ததைவிடச் சின்னக் கை.
நான் பிடித்தேன். அவர் கிழித்தார்.
இரண்டில்.
நான் பார்த்துவிட்டதைப் பார்த்தார்.
"நான் அவ்வளவு பேசுகிறவன் இல்லை" என்றார்.
பிறகு, "பையனிடம் சொல்லிவிடாதீர்கள்."
கூட்டத்தை விலக்கிக்கொண்டு
இரண்டு கையையும் விரித்தபடி
மகனைப் பார்த்துப் போனார்.

என் சீட்டு இன்னும் மழைக்கோட்டுப் பையில்
கிழிபடாமல் நனைந்து கிடக்கிறது.
எண்கள் ஒன்றில் ஒன்று கலந்துவிட்டன.

ஞாயிறு மாலை பரிசு அறிவித்தார்கள்.
வேலிக்குக் கிடைத்தது.