ஏழு லட்சத்துக்குள்

மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலை ஆறு மணிக்கு
ஆட்டக்காரர்களை நிறுப்பேன்.
மீன் ஏலக்கூடத்தில் இரவல் வாங்கிய தராசு;
எவ்வளவு கழுவினாலும் வஞ்சிர வாடை போகாது.
எழுபத்தைந்து கிலோவைத் தாண்டினால் ஆட முடியாது.
முந்நூறு கிராம் கூடி வந்தவன்
ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஓடுவான்,
காறித் துப்புவான்,
தலைமுடியை வழித்துவிட்டு வந்து மறுபடி ஏறுவான்.
முள் இறங்கி நான் தலையாட்டியதும்
பாதி உரித்த வாழைப்பழத்தைத் தோலோடு கடிப்பான்.

சாயங்காலம் முதலாளிகளின் பையை நிறுக்கிறேன்.
அணிக்கு ஏழு லட்சம்.
மேலே ஒரு ரூபாயும் கூடாது.

மூன்று வருடத்துக்கு முன் இந்த விதி இல்லை.
அப்போதைய நான்கு கோப்பைகளும்
பண்ருட்டி முந்திரி தனகோடி வீட்டு அலமாரியில்
நாப்தலின் உருண்டைகளோடு இருக்கின்றன.
மாவட்டத்தின் நல்ல ரைடர் ஐந்து பேரையும் அவரே எடுத்தார்,
மூன்று பேரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்.
"என் காசு, என் பெஞ்சு."
இடைவேளையில் இருபத்தொன்பதுக்கு ஏழு.
ஜனம் எழுந்து விருத்தாசலம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டது.
சுண்டல்காரர் மிச்சத்தை என் மேஜையில் கொட்டினார்:
"முடிவு தெரிஞ்ச ஆட்டத்துக்கு
எவன் சார் கொறிப்பான்?"

விதி வந்தது.
ஐஸ் பெட்டி டெம்போவில் வந்திறங்கும் சிங்காரத்தோப்பு அணி
போன வருடம் அரையிறுதியில் தனகோடியைச் சாய்த்தது.
கடைசி ரைடு. ஒரே ஒரு புள்ளி.
கூரையில்லாத கேலரியில் அடைமழை,
ஒரு குடைகூட வாசல் பக்கம் நகரவில்லை.
அன்றிரவு நான் தூங்கவில்லை, சந்தோஷத்தில்.
கணக்குப்பிள்ளைக்குக் கோப்பை தர மாட்டார்கள்,
தந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

கலிவரதன் வந்து நின்றது அதற்கு மறுவாரம்.
விதிக்கு முன் ஏலத்தில் நான்கு லட்சம் போனவன்,
இப்போது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
"எனக்கு இருக்கிறது ரெண்டு முட்டி சார்,
அதுல ஒண்ணு போச்சு.
எங்க கூலிக்கு வரம்பு போட்டீங்க, சரி.
டிக்கெட்டுக்குப் போட்டீங்களா?
சுத்தி நிக்கிற விளம்பரப் பலகைக்கு?"

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
அதற்கு நான் பத்தி கிழித்திருக்கவில்லை.

இந்த வருட ஏலம் முடிந்த கோப்பில்
தவறிப் போய் ஒரு பில் வந்து சேர்ந்திருக்கிறது.
படகு எஞ்சின், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்,
பெறுபவர் கலிவரதனின் மச்சான்,
பணம் கட்டியது தனகோடி ஏற்றுமதி நிறுவனம்.
விசாரித்தேன்.
கலிவரதன் பெண்டாட்டி அஞ்சலாட்சியும்
அந்த ஆலையில் மேற்பார்வையாளராம்,
மாதம் முப்பதாயிரம்.
ஆலையின் கேட் எந்தப் பக்கம் என்று
அவளுக்கு இன்னும் தெரியாது.

எடை கூடிய பை ஸ்வெட்டர் போட்டு ஓடுவதில்லை.
மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு
வரிசைக்கு வெளியே போய் நிற்கிறது.

நான் சொன்னால்
தனகோடிக்கு அபராதம் ஐம்பதாயிரம்.
சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுப்பார்.
கலிவரதனுக்கு இரண்டு வருடத் தடை.
அவன் முட்டிக்கு அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.
சொல்லாவிட்டால்
சிங்காரத்தோப்புக் கோச் சூசைமாணிக்கம்
ஆறு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்துக்கு
டீச்செலவு முதற்கொண்டு எழுதிக் கொடுத்த கணக்கை
எந்த முகத்தோடு நான் வாங்கி வைத்துக்கொள்வது?

இன்று இறுதி ஆட்டம்.
விடிகிற நேரத்தில் வரிசையின் முதலில் கலிவரதன்,
முட்டியில் பச்சை பேண்டேஜ்.
அவன் ஏறுவதற்கு முன்
அந்த பில்லை எடுத்துத் தராசின் மேல் வைத்தேன்.
அவனும் பார்த்தான். நானும் பார்த்தேன்.
முள் அசையவில்லை.
கடல் காற்று வந்து தாளின் ஓரத்தை மட்டும் தூக்கியது.

"பேண்டேஜை அவுத்துட்டு ஏறட்டுமா சார்?"
என்று கேட்டான்.