உத்தேச வயது

அகதி முகாமில் ஒரு டொக்டர்
வாயைத் திறக்கச் சொன்னார்.
கடைவாய்ப் பற்களை எண்ணினார்,
மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்,
பதினொன்று என்று எழுதினார்.

பதின்மூன்று ஐயா, பதின்மூன்று.
அம்மா வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தா.
வெங்காயம் மண்ணுக்குள்ளேயே அழுகின மாசியில்
பெத்த பிள்ளை, எனக்குத் தெரியாதோ.

வெங்காயத்துக்கு முத்திரை கிடையாது.
அன்றிலிருந்து நான்
என்னைவிட இரண்டு வயது இளையவள்.
நட்டம் ஒன்றும் இருக்கவில்லை.
சீதனப் பேச்சில் அந்த இரண்டு வருடம்
ஒரு சோடிக் காப்புக்குச் சமனாய்ப் போனது.

இன்று காலை கும்புறுபிட்டி பஸ்ஸில்
இடது பக்கம் ஒருவரும் இடிக்காமல்
யன்னலோரம் ஒடுங்கி வந்தேன்.
உப்புவெளி கிளினிக் சுவரில் நீலப் பெயின்ற்:
முப்பத்தைந்து வயதுப் பெண்களே, வாருங்கள்.
வாங்கில் எனக்கு முன்னால் ஏழு பேர்.
ஒருத்தி போனில் புருஷனிடம்
சந்தையில் நிற்கிறேன் என்றாள்.

பதிகிற பிள்ளை அடையாள அட்டையை வாங்கி
விரல் விட்டு எண்ணினாள்.
"முப்பத்துமூன்றுதானே அக்கா,
இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு."
ஏதோ பரிசு விழுந்ததுபோலச் சொன்னாள்.
அவளில் பிழையில்லை.
அந்த டொக்டரின் விரல்
இன்னும் என் வாய்க்குள் இருந்தது.

படலைக்கு வெளியே கச்சான் வண்டில்.
ஒரு சுருள் வாங்கினேன்.
ஒரு விதையை எடுத்து
கோது நீக்கி, விரலுக்கிடையில் உருட்டினேன்.
இல்லை. இதைவிடப் பெரிது.

ஸ்கூட்டியை நிறுத்தின மிட்வைஃப்
நஸ்மியா மிஸ், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டா:
"என்ன, வந்த காரியம் முடிஞ்சுதா?"

வந்த காரியம் என்னவென்று
உள்ளே ஒருவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
பதில் வரவில்லை, உள்ளங்கையை நீட்டினேன்.
அதில் கச்சான் விதை.
இரண்டு விதையாக்கிக் காட்டினேன்.

ஹெல்மெட்டைக் கழற்றினா.
"வயசு பாக்கிறது ஒண்டுமில்லாம வாறவங்களுக்கு.
கையில ஏதும் தட்டுப்பட்டா
பதினெட்டெண்டாலும் பாப்பம், எண்பதெண்டாலும் பாப்பம்.
உள்ளுக்கு வாங்க."

திரைச்சீலை. குளிர்ந்த விரல்கள்.
மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்து சுற்றியது.
அவ ஒன்றும் சொல்லவில்லை,
ஒரே இடத்துக்கு இரண்டு தரம் வந்தா.

பிறகு துண்டு எழுதினா.
வயது என்ற இடத்தில் பேனை நின்றது.
"எதை எழுத?"

அழுகின வெங்காயத்திலிருந்து
எண்ணிச் சொன்னேன்.
அட்டையைப் பார்க்காமல் எழுதினா.

வியாழக்கிழமை, பெரியாஸ்பத்திரி,
ஒன்பது மணிக்கு முன்னம்.
சாப்பிட்டுவிட்டே வரலாமாம்.