அழுக்கு நின்ற இடம்

அடுத்த பேருந்துக்கு இருபத்திரண்டு நிமிடம்.
வெளியே சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
வினிபெக்கில் நூலகம் என்றால் முதலில் சூடு,
பிறகுதான் புத்தகம்.
ஹீட்டருக்குப் பக்கத்து அலமாரி மெய்யியல்.
நான் தேடிப் போனதல்ல.

'புதிதாகத் தொடங்குவோருக்கு' என்று
அட்டையில் போட்டிருந்ததை முதலில் எடுத்துப் போனேன்.
முன்னுரைக்கு ஒரு முன்னுரை.
மூன்றாம் பக்கத்தில் ஒருவர் இன்னொருவரை மறுத்தார்.
இருவரையும் எனக்குத் தெரியாது.
கலியாண வீட்டில்
மாப்பிள்ளை பகுதியின் பழைய சண்டைக்குள்
போய் நின்றதுபோல.

இரண்டாவது மெல்லியது.
மெல்லியதென்றால் லேசு என்று நினைத்தேன்.
கடுகு.

எனக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை.
பதினான்கு வருடம்.
விரிப்பைப் பார்த்தே சொல்வேன்
படுத்தவர் எந்தப் பக்கம் சரிந்து படுத்தார்,
எத்தனை நாள் எழும்பவில்லை என்று.
மூன்றாம் வாரம்
புத்தகம் எதையும் திறக்கவில்லை.
பக்கவாட்டில் திருப்பி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

எத்தனையோ விரல்கள் புரட்டிய மங்கல்.
இருப்பதிலேயே தடித்ததில் அது
நகக்கண் அளவு ஓடி நின்றுவிட்டது.
மிச்சம் வெள்ளை வெளேர்.
எல்லோரும் அங்கேதான் இறங்கிப் போயிருக்கிறார்கள்.
சிரிப்பு வந்தது,
கொஞ்சம் ஆறுதலும்.

கீழ்த்தட்டில் ஒன்று, முதுகு வெடித்து,
முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒரே அழுக்கு,
எழுபதாம் பக்கத்தில் கோப்பி.
அதைக் கொண்டுவந்தேன்.

மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை
எதை வைத்து அதே ஒன்று என்கிறாய்,
என்று கேட்டது அது.
மடிக்கும் மேசையில் மரிவிக்கிடம் கேட்டேன்.
இருநூறு தரம் தோய்த்த விரிப்பொன்றை உயர்த்தி
என் முகம் தெரிகிறது என்றாள், அதனூடாக.
நூலில் பாதி வடிகானுக்குள் போயிருக்கும்.
ஆஸ்பத்திரி முத்திரை மட்டும் அப்படியே.
'அப்ப இது அதுவா?'
இடைவேளை மணி அடித்தது.
அவள் விரிப்பைப் பிடித்தபடியே நின்றாள்.

மாசி முடியத் தடித்ததையும் இரவல் எடுத்தேன்.
பத்தொன்பதாம் பக்கம்வரை
மற்றவர்களோடு சேர்ந்து போனேன்.
அதற்கு அப்பால்
யாரும் மிதிக்காத பனி.

பாதி விளங்கவில்லை.
வெங்காயம் உரித்த கையைக் கழுவாமலே
அடுத்த தாளைப் புரட்டினேன்.