மூன்று பியூஸ் கட்டைகள்

எங்கள் வீட்டில் எடை குறைந்த ஆள்தான்
கிணற்றுக்குள் இறங்க வேண்டும்.
ஒச்சப்பன் முப்பத்தொன்று. நான் இருபத்திரண்டு.
பருத்தி நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்து
அய்யா முடிவு செய்தது.

கருமாத்தூருக்கு மேற்கே, ஐம்பதடி.
படிக்கல் பாதி வரைக்கும்தான்,
அதற்குக் கீழே வடம்.
புட்வால்வில் சருகு அடைத்துக்கொண்டால்
மோட்டார் காற்றைக் குடித்து இருமும்.
சாணி கரைத்து ஊற்றிப் பார்ப்பார் அய்யா.
பச்சைப் பொத்தானை ரெண்டு தடவை அமுக்குவார்.
பிறகு என்னைப் பார்ப்பார்.
பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இடுப்பில் அவர் போடும் முடிச்சு
இழுக்க இழுக்க இறுகும்.
இறங்க இறங்க வானம்
சோற்று வட்டில் அளவுக்கு வந்துவிடும்.
தண்ணிப்பாம்பு ஒன்றும் செய்யாது என்பார்கள்.
செய்ததில்லைதான்.
ஆனால் பொந்திலிருந்து
முழு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

மூச்சைப் பிடித்து முங்கி
குழாயின் வாயைத் தடவினால்
ஒரு கை வேப்பஞ்சருகு, ஒரு செத்த தவளை,
ஒருமுறை யாருடையதோ ரவிக்கைக் கை.

அந்தப் புதன்கிழமை
ஆட்டோ ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டார்.
மூன்று மணிக்கு வர வேண்டிய மும்முனைக் கரண்டு
ரெண்டரைக்கே வந்தது.

தண்ணீருக்குள் மோட்டார் சத்தம்
காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கிறது.
சடையைப் பிடித்தது குழாய்.
பள்ளிக்கூடத்து நீல ரிப்பன்,
காலையில் அவசரத்தில்
நானே போட்ட அரைகுறை முடிச்சு.

அவிழ்ந்தது.

ஒச்சப்பன் மெயினைக் காலால் உதைத்தானாம்.
நான் மேலே வந்தபோது
வடம் இடுப்புத் தோலை உரித்திருந்தது.
அய்யா பீடியைத் தலைமாற்றிப் பற்றவைத்தார்,
அதையே இழுத்தார்.

சாயங்காலம் மல்லிகைக்குத் தண்ணி திருப்பப் போன அம்மா
வாய்க்காலில் பார்த்தாள்.
நீலம். நூல் நூலாக.
மண்வெட்டியைப் போட்டுவிட்டு
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினாள்,
தண்ணி பாத்தி உடைத்துப் போய்க்கொண்டிருந்தது.

இனி இறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.
எட்டாம் நாள் மறுபடி அடைத்தது.
மாட்டுத்தாவணியில் பூ கிலோ நானூறு,
எங்கள் செடியில் மொட்டு சுருண்டது.
அம்மா வந்தாள்.
ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து
பீங்கான் பியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி
மடியில் கட்டிக்கொண்டு
கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள்,
முட்டை மேல் அடைக்கோழி மாதிரி.
"இப்ப இறக்குங்க" என்றாள்.

அப்படியே மூன்று வருஷம்.

நான் முப்பதைத் தாண்டிய கோடையில்
தம்பி பாண்டியராசு தராசில் ஏறினான்.
பதினெட்டரை.
ஊஞ்சல் என்று நினைத்துக் காலை ஆட்டினான்,
முள் நிற்கவே இல்லை.

அய்யா வடத்தை எடுத்தார்.
நான் அவன் தலையில் கை வைத்துப் பார்த்தேன்.
முடி ஒட்ட வெட்டியிருந்தது.
அம்மாவிடம் போய்க் கை நீட்டினேன்.
ஒன்று கொடுத்தாள்.
ரெண்டு.
மூன்றாவதை
அவள் உடனே விடவில்லை.