நான்கு கோணங்கள்

வண்டிக்கு நான்கு கோணம், அது கம்பெனி விதி.
முன், பின், இடம், வலம்.
பிறகு சேஸிஸ் எண்.
நசுங்கிய இடத்தருகே அளவுக்கு ஒரு பத்து ரூபாய் நாணயம்.
படத்தில் ஆட்கள் கூடாது.
பதினோரு வருடமாக இப்படித்தான்
பெங்களூரின் விபத்துகளை எடுக்கிறேன்.

கை பழகிவிட்டது.
ஜெயநகர் பூங்காவில் வாய் பிளந்து நிற்கும் சிமெண்ட் முயலையும்
அப்படியேதான் எடுத்தேன்,
காதோரம் நாணயம் வைத்து.
‘நன்னன்னு உபயோகிசி’ என்று வயிற்றில் எழுதியிருந்ததில்
இரண்டாம் சொல் உதிர்ந்துவிட்டது.
என்னை, என்கிறது முயல்.
என்னை.
வினைச்சொல் வரட்டும் என்று உள்ளே காத்திருக்கின்றன
ஒரு வாழைப்பழத் தோலும் இரண்டு காகிதக் கோப்பைகளும்.

அன்றிலிருந்து
ஒரு விபத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஸ்கூட்டரை ஓரங்கட்டுகிறேன்.

மல்லேஸ்வரம் ரவுண்டானாவில் ஆளுயர டபரா செட்.
டம்ளரிலிருந்து நீர் விழுவதாகத் திட்டம்,
மோட்டார் வாங்கவில்லை.
மழை பெய்தால் டபரா நிறையும்,
கொசுக்கள் காப்பிக்கு வரும்.

பீன்யாவில் பழைய சைலன்சர்களை வெல்டிங் செய்த பூதம்.
ஆயுத பூஜைக்கு மறுநாள் போனேன்.
அதற்கும் சந்தனம், குங்குமம், காலடியில் உடைத்த பூசணி.
இயந்திரம்தானே, விட்டுவிட முடியுமா?

ராஜாஜிநகர் ஒட்டகச்சிவிங்கிக்குக்
கழுத்துவரை சிவப்பு, அதற்குமேல் மஞ்சள்.
நவம்பர் மாதக் கொடியா, பெயிண்ட் தீர்ந்ததா,
கேட்க ஆளில்லை.
இமைமுடியை மட்டும் யாரோ ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார்கள்,
மெல்லிய தூரிகையில்.
அங்கே நாணயம் வைக்க மனம் வரவில்லை.

பானஸ்வாடி சிக்னல் கங்காருவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
அதுவும் குப்பைத்தொட்டிதான்.
ஆனால் பையில் குட்டி இருக்கவேண்டிய இடத்தில்
டிராஃபிக் கான்ஸ்டபிள் ருத்ரேஷின் ரெயின்கோட்,
சாப்பாட்டு டப்பா, ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ்.
பூட்டில்லையே சார் என்றேன்.
குப்பைத்தொட்டியில் எவன் திருடுவான் என்றார்,
விசிலை வாயிலிருந்து எடுக்காமலே.

மே மாதம் மெட்ரோ வந்தது.
கங்காரு நின்ற இடத்தில் நான்கு போல்ட்டுகள்,
சதுரமாக ஒரு வெளிறல்.
அதையும் எடுத்தேன்: முன், பின், இடம், வலம்.
நான்கும் ஒரே படம்.
ருத்ரேஷ் நனைந்துகொண்டே கை காட்டினார்,
லாரிகளுக்கா எனக்கா தெரியவில்லை.
அப்புறம் புரிந்தது, வார்டு ஆபீஸ் கொல்லைப்புறம்.

உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடந்தது.
வாலில் கம்பி தெரிந்தது.
குப்பை பிரித்துக்கொண்டிருந்த முனிலட்சுமி
கையுறையைக் கழற்றாமல் எழுந்து வந்தாள்.
“சீக்கிரம் புடிச்சிக்கோ மேடம், வியாழக்கிழமை லாரி வருது.”
நாணயம் எடுத்தேன்.
மனதில் படிவம் தானாக நிரம்பியது.
சேதம்: வால், இடது காது. பழுதுபார்க்கத் தக்கது.
உரிமையாளர் பெயர்:

அதற்குள் அவள்
சரியாக வாலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து,
முந்தானையை இழுத்துவிட்டு,
கங்காருவின் கழுத்தில் கைபோட்டு, “ம்” என்றாள்.

ஆட்கள் கூடாது. சேதம் மறையக் கூடாது.
எடுத்தேன்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொன்னாள்.
டப்பாவோடு போகாமல் பைக்குள் சிக்கியிருந்த ஸ்பூனை
ருத்ரேஷிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தாள்.

இப்போதெல்லாம்
மாதத்தில் ஒரு புதன்கிழமை ராத்திரி
போன் திரையில் கங்காரு ஒளிர்கிறது,
பக்கத்தில் சிரிக்கும் முகம்.
எடுத்தால் பின்னணியில் குக்கர் விசில், யாரோ இருமுகிறார்கள்.
“மேடம், டைனோசர் ஒண்ணு வந்திருக்கு.
தலை இல்ல.
நாளைக்கு லாரி.”