ப

பெங்களூர்க்காரர்கள் கேட்பது சின்ன வேலைதான்:
தொலைபேசியில் பேசும் பிள்ளைகளின் நாக்கிலிருந்து
சேலத்தைத் துடைத்தெடுக்க வேண்டும்.
மாதம் எண்பத்தைந்தாயிரம்.
வியாழன் மாலைக்குள் பதில்.

இங்கே இருபத்திரண்டு.
டிசம்பர் சம்பளம் பொங்கல் கழிந்து வந்தது.
வீட்டுக்கடனுக்கு மட்டும் தேதி தவறுவதில்லை.

செவ்வாய், ஏற்காடு பஸ்.
ஏழாவது கொண்டை ஊசி வளைவில்
போவதென்று முடிவெடுத்தேன்.
பன்னிரண்டில் வேண்டாமென்று.
பதினாறில் முன்சீட்டுக் குழந்தை வாந்தியெடுக்க
கைக்குட்டை கொடுத்ததில்
கணக்கு விட்டுப்போனது.

நாகலூரில் சத்துணவுக்கூடத்துக்குப் பக்கத்து அறை.
வெளியே மிளகு காய்கிறது.
மோனிஷுக்கு ஆறு வயது,
காதுக்குப் பின்னால் கருவி வைத்து எட்டு மாதம்.
உதடு மூடும், திறக்கும்; காற்று வராது.
வாய்க்கு நேரே தாள் துண்டைப் பிடித்தால்
'ப' சொல்லும்போது அது ஆட வேண்டும்.

துண்டுகளை வீட்டில் மறந்துவிட்டேன்.
பையில் இருந்த ஒரே தாள் அவர்களுடைய கடிதம்.
அடியோரத்தைக் கிழித்தேன்.

ப.
ஆடவில்லை.
அவன் விரல்களை என் கன்னத்தில் வைத்து
ப.
ஆடவில்லை.
சாம்பார் வாளி இழுபடும் சத்தம்.
திரும்பிப் பார்த்தான். நல்லது, கேட்கிறது.

பிறகு எதன்மேலோ கோபம் வந்தவன்போல்
ப!
தாள் என் மூக்கில் அடித்தது.
கடைசி இரண்டு பூஜ்யங்களில் எச்சில்.

பப்பப்ப என்றபடி தட்டெடுக்க ஓடினான்.

இறங்கும் பஸ்ஸில்தான் உறைத்தது,
கைபேசியில் அந்தக் கடிதம்
ஓரம் கிழியாமல் இருக்கிறது.
இன்னும் இரண்டு நாள்.
துண்டை வாய்க்கு நேரே பிடித்து
பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கப் பார்க்க
நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.